மூணு லட்சம் எந்தக் கணக்கு?

"வாங்கிருவமா தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

2023 டிசம்பர். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில், வழக்குகளைச் சமரசமாகப் பேசி முடிக்கிற லோக் அதாலத் நடந்துகொண்டிருந்தது. அத்தானின் விபத்து இழப்பீட்டுக்கு எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் 3 லட்சம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். யோசிக்க அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். அக்காவின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் பத்து மாதமாக அடகுக்கடையில். அத்தான் ஒன்றும் பேசவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார். விபத்துக்குப் பிறகு அவருக்கு அது பழக்கமாகிவிட்டது.

அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவிலேயே இந்த இரண்டு வருடத்தில் மூன்று குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். மூன்று பேரும் முதலில் கேட்டது "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு அலைந்தேன். "அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது?" என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து மாதம் ஆனது.

அந்த வருடம் பிப்ரவரியில் வள்ளியூரில் ஒரு கல்யாணம். பெண்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். நானும் அத்தானும் என் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நாங்குநேரி தாண்டி மூன்றடைப்பு நெருங்குகிற நேரம், நான்கு வழிச்சாலையில் எங்கள் பக்கத்திலேயே எதிரே ஒரு லோடு வேன் வந்தது. அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வர மனமில்லாமல் ராங் சைடில் வருகிறவர்களை இந்தச் சாலையில் கார் ஓட்டுகிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் வலது பக்கம் ஒடித்தேன். வேன் என் காரின் இடது முன் மூலையில் மோதியது. அத்தான் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்கு நெற்றியில் நான்கு தையல். அவருக்கு இடது தொடை எலும்பு முறிந்தது, டேஷ்போர்டில் ஊன்றிய வலது மணிக்கட்டு நொறுங்கியது.

அத்தான் தச்சு ஆசாரி. பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை. நிலை, கதவு, ஜன்னல், பூஜை அலமாரி. அப்போது அவருக்கு 43 வயது.

108 ஆம்புலன்ஸ் எங்களை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்பதில்லை. அந்த இரண்டு நாள்தான் எங்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் கூடிப் பேசி, ஆபரேஷனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். தொடைக்குள் ஒரு கம்பி, மணிக்கட்டில் ஒரு தகடு. மருந்தோடு சேர்த்து 1,38,000 ரூபாய் ஆனது. அக்காவின் நகை அப்படித்தான் போனது.

பின்னால் எங்களைக் காப்பாற்றியவை எல்லாம் அந்த முதல் வாரத்தில், அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தெரியாமல், கையில் சேர்ந்த காகிதங்கள்தான். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்பார்கள். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொன்னால் அதுதான் பதிவாகும். வருடம் கழித்து வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார். எங்கள் நல்ல நேரம், அத்தான் நினைவோடு இருந்தார். அவரே "நாங்க வந்த காரில் எதிர வந்த வேன் இடிச்சுது" என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று போட்டோ. தகவல் கேட்டு நாங்குநேரியிலிருந்து ஓடிவந்த சிநேகிதன், வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் போனில் பதினைந்து இருபது படம் எடுத்து வைத்திருந்தான். உடைந்த கண்ணாடித் தூள் முழுக்க எங்கள் தடத்தில் கிடப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. போலீஸ் போட்ட வரைபடமும் அதையேதான் காட்டியது.

எஃப்.ஐ.ஆரில் இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 என்று போட்டிருந்தது. 337 சாதாரணக் காயம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம், 338. எக்ஸ்ரேயும் காயச் சான்றிதழும் கொடுத்த பிறகு பிரிவு மாற்றப்பட்டது. இப்போது விபத்து நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 என்று எண்கள் வேறாக இருக்கும். காயத்தின் தன்மை சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது மட்டும் மாறவில்லை.

கார் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் கணக்குக் கேட்கிற புத்தி எனக்கு வந்தது அங்கேதான்.

கார் 2017 மாடல், ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது. பட்டறையில் 1,92,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். பழுதுச் செலவு, பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பில் (ஐ.டி.வி. என்பார்கள்) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதமாகக் கணக்கிட்டுவிடுவார்கள். எங்களுடையது அதைத் தொடவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்த்தார். பிறகு வந்த தொகையைப் பார்த்து எனக்கு நெஞ்சு அடைத்தது. பாதியை ஒட்டித்தான் இருந்தது. போன் செய்து சண்டை போட்டேன். "தேய்மானம் சார்" என்றார்கள். ஒரு வாரம் கோபத்திலேயே போனது. அப்புறம் உட்கார்ந்து பாலிசிக் காகிதத்தைப் படித்தேன்.

தேய்மானத்துக்கு, அதாவது பாகம் பழசானதற்காகக் கழிப்பதற்கு, ஒரு அட்டவணை அதிலேயே அச்சாகியிருக்கிறது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் பாகத்துக்கு 30. இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. ஐந்து வருடம் தாண்டிப் பத்துக்குள் இருந்தால் 40. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. பெயின்ட் வேலையில் பொருளின் விலைக்கு மட்டும்தான் 50 சதவீதம் கழிக்க வேண்டும். மொத்தப் பெயின்ட் பில்லில் கால்வாசியைத்தான் பொருள் விலையாக எடுக்க வேண்டும். லேபர் கூலியில் தேய்மானம் இல்லை.

அந்த அட்டவணையையும் அவர்கள் அனுப்பிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். முன் கண்ணாடி 6,800 ரூபாய். அதில் பாதியைக் கழித்திருந்தார்கள். பெயின்ட் 24,000. கால்வாசியான 6,000-இல் பாதி, அதாவது 3,000 மட்டும் கழிக்க வேண்டிய இடத்தில் 12,000 கழித்திருந்தது. இரண்டும் சேர்த்து 12,400 ரூபாய். அட்டவணையின் வரியைக் குறிப்பிட்டு, கோபமாக ஒரு சொல்கூட இல்லாமல், ஒரு மெயில் அனுப்பினேன். பத்து நாளில் திருத்திய கணக்கு வந்தது. ஒரு வாரம் போனில் கத்தியதற்கு ஒரு ரூபாய்கூட நகரவில்லை.

நம் சொந்தப் பாலிசியில் இப்படித் தகராறு வந்து, எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் எதிர் வண்டியின் கம்பெனியிடம் கேட்கிற இழப்பீட்டுக்கு அந்த வழி கிடையாது. அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான். நம் ஊரில் எல்லோரும் எம்.சி.ஓ.பி. போடுவது என்பார்கள்.

அந்த வழக்கைப் போடுவதற்குள் வீட்டுக்கு வந்தவர்களைச் சொல்ல வேண்டும். அத்தான் கட்டிலோடு கிடந்த மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். "கேஸ் நான் பாத்துக்கிடுதேன், ஒரு பைசா செலவில்ல, வர்றதுல நூத்துக்கு முப்பது" என்றார். இன்னொருவர், "கேஸெல்லாம் எதுக்கு? சட்டப்படி ரெண்டரை லட்சம் உடனே வாங்கலாம்" என்றார். இரண்டாவது ஆள் சொன்னது பொய்யில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் உண்டு. அவர் சொல்லாமல் விட்டதுதான் முக்கியம். அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவில் போடுகிற முழு இழப்பீட்டு மனு அத்தோடு முடிந்துவிடும். கை பழையபடி வருமா வராதா என்று டாக்டருக்கே தெரியாத நாளில் அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முதல் ஆள் கேட்ட முப்பது சதவீதத்துக்கு வருகிறேன். வருகிற தொகையில் இவ்வளவு பங்கு என்று வக்கீல் பேசிக்கொள்வது பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. நாங்கள் நீதிமன்ற வளாகத்தில் நேரடியாகப் போய் விசாரித்து ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். கட்டணத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்தார். அதற்கும் வழியில்லாதவர்கள் அதே மாதிரி வளாகத்தில் இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கலாம். சட்டப்படி மனுப் போட ஆறு மாதம்தான் கெடு. 2022 ஏப்ரலிலிருந்து அப்படி. முன்னே மாதிரி 'கால் ஊனி நடக்கட்டும், அப்புறம் பாப்போம்' என்று தள்ளிப்போடக் கூடாது. நாங்கள் ஜூனில் போட்டோம்.

மனுவைப் பார்த்தபோது எனக்கு ஒரு அடி விழுந்தது. மனுதாரர் என் அத்தான். எதிர்மனுதாரர்கள் வேன் உரிமையாளர், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி, அப்புறம் நான், என் இன்சூரன்ஸ் கம்பெனி. என் அக்கா மாப்பிள்ளை என் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்! சம்மன் வந்த அன்று அம்மா அழுதே விட்டாள். அத்தானே போன் செய்தார். "மாப்ள, மனசுல வச்சுக்கிடாத. அந்தம்மா சொன்னாவ, ஒம்மேல தப்பு இருக்குன்னு நான் சொல்லல."

வக்கீலம்மா விளக்கினார். இரண்டு வண்டி மோதியதில் பயணிக்கு அடிபட்டால், பயணி மேல் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு டிரைவரில் யார் பங்கு எவ்வளவு என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். பயணி முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாளைக்கு வேன் கம்பெனி "கார்க்காரர் மேலும் தப்பு" என்று கை காட்டினால் அந்தக் கார்க்காரர் வழக்கில் இருப்பது நல்லது என்பதால்தான் என் பெயர். புரிந்தது. ஆனாலும் அந்தத் தாளில் எங்கள் இரண்டு பேர் பெயரும் எதிரெதிராக இருந்ததைப் பார்த்த நாள் எனக்கு மறக்காது. ஓட்டியவன் நான்தான் என்ற உறுத்தல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. அந்தத் தாள் அதை எடுத்து வெளியே வைத்த மாதிரி இருந்தது.

நவம்பரில் மருத்துவக் குழு அத்தானைப் பரிசோதித்து 35 சதவீதம் நிரந்தர ஊனம் என்று சான்று கொடுத்தது. அடுத்த மாதம்தான் அந்த லோக் அதாலத்.

அந்த அரை மணி நேரத்துக்குத் திரும்பி வருகிறேன். அக்கா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெயின்ட் பில் ஞாபகம் வந்தது. வக்கீலம்மாவிடம், "அம்மா, மூணு லட்சம்ங்கறது எந்தக் கணக்குன்னு அவங்ககிட்ட கேக்கலாமா?" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கேக்கணும்" என்றார். உள்ளே போய்க் கேட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் மறைக்கவில்லை. கட்டின் மேல் செருகியிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

35 சதவீத ஊனம், சதவீதத்துக்கு 5,000 வீதம் 1,75,000. ஆஸ்பத்திரிச் செலவு 1,38,000. வலி, வேதனைக்கு 40,000. சாப்பாடு, போக்குவரத்து 22,000. மூன்று மாத வருமான இழப்பு, மாதம் 9,000 வீதம் 27,000. மொத்தம் 4,02,000. அதில் கார் டிரைவர் மேலும் தப்பு என்று கால்வாசி கழிவு. மீதி 3,01,500. ரவுண்டாக 3 லட்சம்.

அதுவரை 3 லட்சம் என்பது ஒரே தொகையாக எங்கள் முன்னால் நின்றது. வேண்டும் அல்லது வேண்டாம் என்பதைத் தவிர அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. வாசித்து முடித்ததும் அது ஆறு வரியாகிவிட்டது. ஒவ்வொரு வரியையும் பிடித்துப் பேசலாம் என்று எனக்கே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. "அவுக மூணு மாசம்னு போட்டிருக்காவ. எட்டு மாசம்லா கட்டில்ல கெடந்தாவ" என்றாள். அவள் அதற்குப் பிறகு "வாங்கிருவமா" என்று கேட்கவில்லை.

கடைசி வரியில் இருந்த கால்வாசிக் கழிவு அத்தான் விஷயத்தில் செல்லாது. நான் மேலே சொன்ன அதே காரணம்தான். அவர் பயணி.

பெரிய பள்ளம் முதல் வரியில் இருந்தது. சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது நம் தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் ரொம்ப நாளாக இருக்கிற ஒரு வழி. வேலைக்குப் பாதிப்பு இல்லாத ஊனத்துக்கு அது சரி. ஆனால் ஊனம் ஒருவருடைய பிழைப்பையே தொட்டுவிட்டால் கணக்கு வேறு. உச்ச நீதிமன்றம் 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதை விளக்கியிருக்கிறது. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது ஒன்று. அதனால் சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் குறைந்தது என்பது வேறொன்று. இடது கையை இழந்த ஒருவர் அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரலாம், அதே கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் வருமானம் மொத்தமாகவே போய்விடலாம் என்று அந்தத் தீர்ப்பே உதாரணம் சொல்கிறது. வக்கீலம்மா அந்தப் பக்கத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். தச்சர் என்ற சொல் வந்ததும் அத்தான் "இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார்.

இழைப்புளி பிடித்திருக்கிறவர்களுக்குத் தெரியும். அழுத்தம் முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கும். தரையில் உட்கார்ந்து, கட்டையைக் காலால் அண்டக் கொடுத்துத்தான் உளி வேலை. தொடையில் கம்பி வைத்தவரால் அப்படி உட்கார முடியாது. 35 சதவீதம் என்று தாளில் இருப்பது அத்தானின் பட்டறைக்குள் வந்தால் எவ்வளவோ அதிகம்.

அந்த வழியில் போட்டால் கணக்கு இப்படி. மாத வருமானம். அதோடு எதிர்காலத்தில் உயர்ந்திருக்கக்கூடிய வருமானத்துக்காக ஒரு சதவீதம் கூட்ட வேண்டும். சொந்தத் தொழில் செய்கிறவர் 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம், 40-இலிருந்து 50-க்குள் 25, 50-இலிருந்து 60-க்குள் 10 என்று 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லியிருக்கிறது. அதை 12-ஆல் பெருக்கி, வயதுக்கு உரிய எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 2009-இன் சரளா வர்மா தீர்ப்பிலிருந்து வருவது. 26-இலிருந்து 30 வயதுக்கு 17, 36-இலிருந்து 40-க்கு 15, 41-இலிருந்து 45-க்கு 14, 51-இலிருந்து 55-க்கு 11 என்று குறைந்துகொண்டே போகும். பிறகு சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு சதவீதம் குறைந்ததோ அவ்வளவு. உயிரிழப்பு வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவு என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயமடைந்து உயிரோடு இருப்பவருக்கு அந்தக் கழிவு கிடையாது.

ஆக எல்லாம் ஒரு எண்ணில் வந்து நின்றது. மாத வருமானம். அவர்கள் 9,000 என்று போட்டிருந்தார்கள். அத்தான் வேலை இருக்கிற மாதம் 20,000-க்குக் குறையாமல் சம்பாதிப்பார். அதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கூலியைக் கையில் வாங்கி, அக்கா கையில் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான் அவர் வரவு செலவு.

3 லட்சம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். சொல்வது சுலபம். வெளியே வந்தால் அடகுக்கடை வட்டி நிற்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் நியாயமான தொகை கிடைப்பதும் கிடைக்காததும் முக்கால்வாசி இதில்தான் என்று நான் நினைக்கிறேன். காத்திருக்க முடியாதவன் குறைவாகத்தான் வாங்குவான். நாங்கள் அந்த வாரமே நகையை அடகுக்கடையிலிருந்து எடுத்துக் கூட்டுறவு வங்கி நகைக்கடனுக்கு மாற்றினோம். எடுப்பதற்கு நான் அலுவலகத்தில் முன்பணம் வாங்கினேன். வட்டி பாதிக்கு மேல் குறைந்தது. அந்த வட்டியை நான் கட்டினேன். அக்காவின் மேலிருந்து அந்த அவசரம் இறங்கியது. பேச்சுவார்த்தையில் நாங்கள் செய்த மிகப் பெரிய காரியம் இதுதான்.

அப்புறம் வருமானத்துக்குச் சாட்சி தேடி அலைந்தேன். இரண்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில். மரக்கடையில் அத்தான் பெயரில் போட்ட பில்களின் நகல் கிடைத்தது. மரம் இவ்வளவு வாங்கியிருந்தால் வேலை இவ்வளவு நடந்திருக்க வேண்டும் என்பதற்கு அது ஆதாரம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை டிரங்குப் பெட்டியில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் இருந்தது. அவர் தச்சர்தான் என்பதற்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை. சில வீட்டுக்காரர்கள் போனில் பணம் அனுப்பியிருந்தது வங்கிப் புத்தகத்தில் இருந்தது. முடித்துக் கொடுத்த கதவுகளின் போட்டோக்கள் அத்தானின் போனில் தேதியோடு இருந்தன. கதவு வேலை செய்து கொடுத்த ஆறு வீட்டுக்காரர்களிடம் போனேன். நான்கு பேர் கூலி விவரம் எழுதிக் கொடுத்தார்கள். மேலப்பாளையத்தில் ஒரு ஓய்வு பெற்ற வாத்தியார், "எழுதித் தந்தா போதுமா, நானே வந்து சொல்லுதேன்" என்று கூண்டேறிச் சாட்சி சொன்னார். "இவர் செஞ்ச நிலைதான் எங்க வீட்டு வாசல்ல நிக்குது" என்று அவர் சொன்னபோது அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

2024 செப்டம்பரில் மறுபடி லோக் அதாலத். இந்த முறை எங்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது. அவர்கள் ஏழரை லட்சத்தில் ஆரம்பித்தார்கள். வக்கீலம்மா மொத்தத் தொகையைப் பற்றிப் பேசவே இல்லை. "வருமானத்துக்கு வாங்க சார்" என்றார். 20,000-க்கு முழு ஆதாரம் இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். 9,000-க்கு ஆதாரமே இல்லை என்பதை அவர்களை ஒப்புக்கொள்ள வைத்தார். 13,000-இல் நின்றது. 25 சதவீதம் கூட்டி 16,250. வருடத்துக்கு 1,95,000. பதினான்கால் பெருக்கி 27,30,000. சம்பாதிக்கும் சக்தி இழப்பு 50 சதவீதம் என்று நாங்கள் கேட்டோம், மருத்துவக் குழுவின் 35-க்கு மேல் அவர்கள் ஏறவில்லை. 9,55,500. ஆஸ்பத்திரி 1,38,000. எட்டு மாத வருமான இழப்பு 1,04,000. வலிக்கும் வாழ்க்கையில் இழந்த வசதிகளுக்கும் 80,000. கூட இருந்து பார்த்துக்கொண்டதற்கும் சாப்பாடு, போக்குவரத்துக்கும் 40,000. தகடு எடுக்கப் பின்னால் ஆகும் செலவு 45,000. கூட்டினால் 13,62,500.

12,75,000-க்கு முடித்தோம். தீர்ப்பு வரை போயிருந்தால் மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் சேர்ந்திருக்கும். ஏழரை சதவீதம் என்று வைத்தாலே ஒரு லட்சத்துக்கு மேல். அதையும் விட்டோம். 35-க்குப் பதில் 50 என்று நீதிபதி எடுத்திருந்தால் இன்னும் நாலு லட்சம் கூடியிருக்கும். இதெல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டோம். தீர்ப்பு வந்தால் அவர்கள் மதுரை ஐகோர்ட் கிளைக்கு அப்பீல் போவார்கள், அது எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது. லோக் அதாலத்தில் முடிந்ததற்கு அப்பீல் கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அக்காவின் மூத்தவள் அந்த வருடம் பிளஸ் டூ. விட்டது எவ்வளவு, எதற்காக விட்டோம் என்று வரி வரியாகத் தெரிந்து விட்டதால் எனக்கு அதில் வருத்தமில்லை. டிசம்பரில் வாங்கியிருந்தால் எதை விட்டோம் என்றே தெரிந்திருக்காது.

தீபாவளிக்கு முந்தின வாரம் பணம் அத்தானின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அக்கா நகையை மீட்டாள். அத்தான் ஒரு இழைப்பு மிஷினும், நின்றுகொண்டே வேலை செய்ய உயரமான மேஜையும் வாங்கினார். கூட ஒரு பையனை வைத்துக்கொண்டார். அளவும் கோடும் அவர், உளி அந்தப் பையன்.

மணிக்கட்டுத் தகட்டை அடுத்த மாதம் எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று விசாரித்ததில் 52,000 ஆகும் என்றார்கள். நாங்கள் கணக்கில் போட்டது 45,000. கேஸ் முடிந்துபோனதால் அந்த ஏழாயிரத்தை இனி யாரிடமும் கேட்க முடியாது. "நம்ம கணக்கு இவ்வளவு கிட்டக்க வந்துட்டே மாப்ள" என்றார் அத்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அதே காரில்.